சிவப்புப் புள்ளடி விழுந்தால் கணக்குப் போய்விடுமா?

கணனிப் பக்கம்



காரியாலயங்களில் கணனியின் முன் அமர்ந்து பணி செய்யும் சகோதரிகள் பலருக்குள்ள ஒரு தொல்லையை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், அரிசி ஆலையாக இருக்கலாம், பள்ளிவாசல் நிர்வாகக் காரியாலயமாக இருக்கலாம். மூன்று நான்கு கணனிகள் இருக்கும். எல்லாவற்றிலும் 'இசட்' என்ற எழுத்தோடு ஒரு பெட்டி தெரியும். கொடுக்கல் வாங்கல், உறுப்பினர் பதிவு, சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் அந்தப் பெட்டியின் மேல் சிவப்புப் புள்ளடி ஒன்று விழுந்திருக்கும். திறந்தால் திறக்காது. கணனி திருத்தும் நானாவைக் கூப்பிட்டால், "ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்பார். சில நாளில் அது சரிவரும். சில நாளில் வராது.

"கணக்கெல்லாம் அழிந்துவிட்டதா? நான் எதையாவது தவறாக அழுத்திவிட்டேனா?" என்பதுதான் பலருடைய முதற் பயம். அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். புள்ளடி விழுவதால் ஒரு கணக்கும் அழிவதில்லை. ஆனால் புள்ளடி விழுந்த பின்னர் அவசரத்தில் நாம் செய்யும் சில காரியங்களால் கணக்குக் குழம்பிப் போவதுண்டு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதுதான் இம்மாதப் பாடம்.

இசட் என்பது என்ன?

கணனியில் சீ என்ற எழுத்து உள்ளேயுள்ள வட்டைக் குறிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணனி வெளிவந்தபோதே ஏ, பீ என்று வட்டுகளுக்கு எழுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் இருப்பதால், மிஞ்சிய எழுத்துகளை வேறு இடத்திலுள்ள வட்டுகளுக்கும் சூட்டலாம் அல்லவா? 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த பெரி ஃபைகன்பாம் என்பவர், ஒரு கணனியிலுள்ள கோப்பை இன்னொரு கணனி தன்னுடையதைப் போலவே திறந்து எழுதுவதற்கான பேச்சுமுறை ஒன்றை அமைத்தார். எஸ்.எம்.பி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதை வளர்த்தெடுத்து விண்டோஸில் சேர்த்தது. இன்றும் உங்கள் இசட் பெட்டி அந்தப் பேச்சுமுறையின் புதிய பதிப்புகளில்தான் இயங்குகிறது.

ஆகவே இசட் உங்கள் கணனிக்குள் இல்லை. அது இன்னொரு கணனியிலுள்ள ஒரு கோப்புறை. பெரிய நிறுவனங்களில் அதற்கென்று தனிச் சேர்வர் இருக்கும். நமது ஊர்ப்புறக் காரியாலயங்களிலோ, கணக்காளரின் மேசைக்குக் கீழே இருக்கும் சாதாரணக் கணனிதான் அந்த வேலையைச் செய்கிறது. இந்தக் கட்டுரையில் அதைத் 'தாய்க் கணனி' என்று அழைப்போம்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகப் 'பாதை'யில்தான் ஏறவேண்டும். பாதை இக்கரைக்கு வராத நேரத்தில் அக்கரையிலுள்ள வயலும் நெல்லும் எங்கும் போய்விடுவதில்லை. போக்குவரத்துத்தான் நிற்கிறது. கணனியும் 'நெட்வேர்க் பாத்' கிடைக்கவில்லை என்றுதான் எழுதிக் காட்டுகிறது. பாத் என்றால் பாதைதானே! கோப்பு தாய்க் கணனியில் பத்திரமாக இருக்கிறது. இடையிலுள்ள பாதை எங்கே நின்றுவிட்டது என்று பார்ப்பதுதான் நமது வேலை.

பதினைந்து நிமிடப் புள்ளடி

சில புள்ளடிகள் பழுதே அல்ல. தாய்க் கணனியிலுள்ள விண்டோஸ், 15 நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் அந்தத் தொடர்பைத் தானாகவே அறுத்துவிடும். வீணாகத் தொடர்பைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நீங்கள் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்க்கும்போது புள்ளடி இருக்கும். பெட்டியை இரண்டு தடவை கிளிக் செய்தவுடன் திறந்துகொள்ளும், புள்ளடியும் மறையும். அப்படியானால் அதில் கைவைக்க வேண்டியதில்லை.

ஆனால் பழைய கணக்கு மென்பொருள்கள் சில, அறுந்த தொடர்பைத் தாமாக மீட்கத் தெரியாமல் பிழை காட்டி நின்றுவிடும். அத்தகைய மென்பொருளைப் பாவிப்பவர்கள் இந்த 15 நிமிட விதியைத் தாய்க் கணனியில் நிறுத்திவிடலாம். 'நெட் கொன்ஃபிக் சேர்வர்' என்ற கட்டளையோடு 'ஓட்டோ டிஸ்கனெக்ட்' என்பதற்கு எதிரே -1 என்று கொடுத்தால் அது நின்றுவிடும். நிர்வாகி அனுமதியோடு செய்யவேண்டிய வேலை என்பதால் கணனி திருத்துபவரிடம் இதைச் சொன்னால் போதும்.

யாருக்கு? எப்போது?

கிளிக் செய்தும் திறக்கவில்லை என்றால், எதையும் தொடுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா? காலையிலா, இடைநடுவிலா, மின்சாரம் போய் வந்த பின்னரா?

ஒரு பழைய கொப்பியை மேசையில் வைத்து, புள்ளடி விழும் ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், எந்தக் கணனி, என்ன எழுத்து வந்தது என்று குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் அந்தக் கொப்பியே நோயைச் சொல்லிவிடும். வைத்தியரிடம் போகும்போது காய்ச்சல் எப்போது அடிக்கிறது என்று சொல்லுபவருக்குத்தான் சரியான மருந்து கிடைக்கும். கணனிக்கும் அப்படியே.

எல்லோருக்கும் ஒன்றாகப் போனால்

எல்லாக் கணனியிலும் ஒரே நேரத்தில் புள்ளடி விழுந்தால் பழுது உங்கள் மேசையில் இல்லை. தாய்க் கணனியிலோ, வயர்கள் எல்லாம் வந்து சேரும் சிறிய சுவிச் பெட்டியிலோதான் இருக்கும்.

முதலில் தாய்க் கணனி உறங்குகிறதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் தொடாவிட்டால் உறங்கும்படி பல கணனிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கணக்காளர் எழுந்து போனால் கணனியும் உறங்கிவிடும், மற்றவர்களின் இசட்டும் போய்விடும். மின்சார அமைப்புப் பகுதிக்குச் சென்று 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்றிவிடுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை, கணனி உறங்கக் கூடாது. மடிக்கணனி தாய்க் கணனியாக இருந்தால் மூடியை மூடியதும் உறங்கும் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது வலையமைப்பின் வகை. தாய்க் கணனியில் அது 'பிரைவேட்' என்று இருக்கவேண்டும். புதிய ரவுட்டர் பொருத்திய பின்னர் அது 'பப்ளிக்' என்று மாறியிருந்தால், விண்டோஸ் தன் கதவுகளைப் பூட்டிக்கொள்ளும். தேநீர்க் கடையில் அந்நியர்களோடு இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது.

இனி, நமது பகுதியில் பலரும் கவனிக்காத ஒரு விஷயத்துக்கு வருவோம். மின்தடைக்குப் பயந்து கணனிகளுக்கெல்லாம் யூ.பி.எஸ். வாங்கி வைத்திருக்கிறோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை யார்தான் மறப்பார்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்று அன்று அமைச்சர் சொன்னார். இப்படிப்பட்ட பெருந்தடைகளுக்கு நாம் ஆயத்தமாகத்தான் இருக்கிறோம். ஆனால் ஒரு நொடி கண்சிமிட்டிப் போகும் மின்சாரத்தைப் பற்றி நினைப்பதில்லை.

சுவிச் பெட்டியும் ரவுட்டரும் எங்கே செருகப்பட்டிருக்கின்றன என்று எழுந்து போய்ப் பாருங்கள். சுவரிலுள்ள சாதாரணச் செருகியில் இருந்தால், மின்சாரம் ஒரு நொடி போய் வரும்போது கணனிகள் யூ.பி.எஸ். தயவில் அசையாமல் நிற்க, சுவிச் பெட்டி மட்டும் அணைந்து மீண்டும் எழும்பும். ரவுட்டர் எழும்ப ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். மின்குமிழ் மினுங்கியதைக்கூட யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் எல்லோருடைய இசட்டும் அறுந்துவிடும். இந்தச் சிறு பெட்டிகள் மிகக் குறைந்த மின்சாரத்தையே குடிக்கின்றன. தாய்க் கணனியின் யூ.பி.எஸ்.இலேயே அவற்றையும் செருகிவிடுங்கள். செலவு ஒரு நீட்சி வயர்தான்.

பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஒக்டோபர், நவெம்பரிலும் மாலை வேளைகளில் இடிமின்னல் அதிகம். இரு கட்டடங்களுக்கிடையே செப்பு வயரை வெளியால் இழுத்திருப்பவர்கள் அக்காலத்தில் சுவிச் பெட்டியையே இழக்க நேரிடலாம். கட்டடம் விட்டுக் கட்டடம் போகக் கண்ணாடி இழை வயரே பாதுகாப்பானது. சாதாரண வலையமைப்பு வயருக்கு 100 மீற்றர்தான் எல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒருவருக்கு மட்டும் போனால்

மற்றவர்களுக்குத் திறக்கிறது, உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் மேசையிலிருந்து தொடங்குங்கள்.

வயரின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் செருகியைப் பாருங்கள். அதில் சிறிய நாக்கு ஒன்று இருக்கும். 'டிக்' என்ற ஓசையோடு அதுதான் பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கு உடைந்திருந்தால் நாற்காலி பட்டாலே செருகி தளர்ந்துவிடும். துளையின் அருகே சிறிய விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழும் நாம் உப்புக் காற்றின் குணத்தை அறிவோம். கதவுப் பிணைச்சலைத் தின்னும் காற்று மெல்லிய உலோகப் பற்களை மட்டும் விட்டு வைக்குமா? வயரை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை. அடுத்த மேசைக்காரரின் நல்ல வயரை ஐந்து நிமிடம் இரவல் வாங்கிப் பாருங்கள்.

வயர் நல்லது என்றால் கணனியின் வலையமைப்பு அட்டையைப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்த அட்டையை அணைத்துவிட விண்டோஸுக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கலாம். 'டிவைஸ் மனேஜர்' பகுதியில் அட்டையின் பெயரை வலது கிளிக் செய்து, 'பவர் மனேஜ்மென்ட்' என்ற பக்கத்தில் முதலாவது பெட்டியிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இடைவேளைக்குப் பின் போகும் இசட்டுக்கு இது நல்ல மருந்து.

அடுத்தது கடவுச்சொல். தாய்க் கணனியில் யாராவது கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், உங்கள் கணனி பழைய சொல்லையே சொல்லிக்கொண்டு கதவைத் தட்டும். 'கிரெடென்ஷியல் மனேஜர்' என்ற இடத்தில் தாய்க் கணனியின் பெயருக்கு எதிரே சேமித்து வைத்துள்ள பழைய சொல்லை நீக்கிவிட்டுப் புதியதைக் கொடுக்கவேண்டும். இங்கே பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. காலையில் நாம் தட்டும் நான்கு இலக்கப் 'பின்' அந்தக் கணனிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பு கேட்பது உண்மையான கடவுச்சொல்லை. பின் இலக்கத்தை எத்தனை தடவை கொடுத்தாலும் கதவு திறக்காது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடாது.

எனவே தாய்க் கணனியில் பகிர்வுக்கென்றே தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, நல்ல கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்து, அதை எழுதி இரும்பு அலுமாரியில் பூட்டி வைப்பது நல்லது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகும்படி விடப்பட்டிருந்தால் விண்டோஸின் வழமையான தவணை 42 நாட்கள். ஆறு வாரத்துக்கொரு முறை எல்லோருக்கும் இசட் போகிறது என்று உங்கள் கொப்பி சொன்னால் காரணம் அதுவாக இருக்கலாம்.

காலையில் மட்டும் போனால்

கணனியைப் போட்டவுடன் 'எல்லா வலையமைப்பு வட்டுகளையும் மீள இணைக்க முடியவில்லை' என்று மூலையில் எழுத்து வரும். பெரும்பாலும் இது அவசரக் கோளாறுதான். நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள், ஆனால் வலையமைப்பு இன்னும் எழும்பவில்லை. வைஃபை மூலம் இணைபவர்களுக்கு இது அதிகம். ஒரு நிமிடம் பொறுத்துக் கிளிக் செய்தால் திறந்துவிடும். 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1809 என்ற பதிப்பில் இந்தக் குறை பரவலாக இருந்ததை மைக்ரோசொஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உள்ளே நுழையும்போது வட்டுகளை மறுபடி இணைக்கும் சிறிய கட்டளைக் கோப்பு ஒன்றையும் அது அப்போது வெளியிட்டது. அந்த வழி இன்றும் பயன்படும்.

எல்லோரும் காலையில் தாய்க் கணனியை முதலில் போடவேண்டும் என்ற எளிய விதியும் பலன் தரும். விண்டோஸ் 8 தொடக்கம் 'ஷட் டவுன்' கொடுத்தால் கணனி முழுமையாக அணைவதில்லை. விரைவில் எழும்புவதற்காகச் சிலவற்றை நினைவில் வைத்துக்கொண்டே உறங்குகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முற்றாகப் புதிதாகத் தொடங்கும். நானா "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மின்சாரம் வந்த பின் போனால்

ரவுட்டர் ஒவ்வொரு கணனிக்கும் ஓர் இலக்கத்தை முகவரியாகக் கொடுக்கிறது. நீண்ட மின்தடைக்குப் பின் அது எழும்பும்போது அந்த இலக்கங்கள் மாறலாம். இசட் பெட்டியை இலக்கத்தைக் கொண்டு இணைத்திருந்தால், நேற்று தாய்க் கணனி இருந்த வீட்டில் இன்று அச்சு இயந்திரம் குடியிருக்கும். இலக்கத்துக்குப் பதிலாகத் தாய்க் கணனியின் பெயரைக் கொண்டு இணையுங்கள். அல்லது அந்த இலக்கத்தை அதற்கே ஒதுக்கி வைக்கும்படி ரவுட்டரில் அமைத்துவிடுங்கள்.

பெட்டியைத் திரும்ப இணைப்பதற்காக 'டிஸ்கனெக்ட்' என்பதை அழுத்தப் பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். அது இணைப்பை மட்டுமே நீக்கும், கோப்புகளைத் தொடாது. ஆனால் பெட்டிக்கு உள்ளே சென்று கோப்பொன்றை 'டிலீட்' செய்தால் தாய்க் கணனியிலேயே அழிந்துவிடும். வலையமைப்பில் அழித்தது பெரும்பாலும் குப்பைக் கூடைக்கும் போவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மறுபடி இணைக்கும்போது 'உள்நுழையும்போது மீள இணை' என்ற பெட்டியில் சரி போட்டுவிடுங்கள். எல்லாக் கணனியிலும் ஒரே எழுத்தையே பாவியுங்கள்.

புதுக் கணனியும் பழைய பெட்டியும்

பழைய கணனி கெட்டுப் புதிது வாங்கியதும் இசட் வரவே மாட்டேன் என்றால் பழுது பேச்சுமுறையில் இருக்கலாம். எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2017 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் அதற்கு மருந்து வெளியிட்டது. மருந்தைப் போடாத கணனிகளில் அதே ஆண்டு மே 12ஆம் திகதி 'வன்னாகிரை' என்ற நாசகார நிரல் புகுந்தது. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணனிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. இங்கிலாந்தில் வைத்தியசாலைகளே நோயாளரைத் திருப்பி அனுப்பின. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அந்தப் பழைய பேச்சுமுறை இயல்பாக நிறுவப்படுவதில்லை.

2024 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24 எச் 2 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் தொழில்முறைப் பதிப்பு, கடவுச்சொல்லின்றி விருந்தாளியாக உள்ளே போகும் வழியை மூடியது. ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் வேண்டும் என்றும் கேட்கிறது. பழைய சேமிப்புப் பெட்டி வைத்திருப்போர் பலருக்கு அன்றுதான் புள்ளடி விழுந்தது. சிலர் பழைய முதற் பதிப்பை மறுபடி இயக்கித் தருவதாகச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். கள்வன் வந்த கதவை வசதிக்காகத் திறந்து வைப்பது போன்றது அது. பெட்டிக்கு முறையான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நிர்வாகத்தினருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இலக்கம் சொல்லும் செய்தி

திருத்துபவரைத் தொலைபேசியில் அழைக்குமுன் ஒரு சிறு சோதனை செய்யலாம். கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து 'நெட் யூஸ்' என்ற இரு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விட்டுத் தட்டினால் உங்கள் இணைப்புகளின் நிலை பட்டியலாக வரும். இணைக்க முயலும்போது ஓர் இலக்கம் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

53 என்றால் தாய்க் கணனியை எட்ட முடியவில்லை. உறக்கம், வயர், முகவரி என்று தேடுங்கள்.

67 என்றால் அந்தப் பெயரில் பகிர்வு இல்லை. பெயரின் எழுத்தைச் சரிபாருங்கள்.

86 அல்லது 1326 என்றால் கடவுச்சொல் அல்லது பயனர் பெயர் பிழை.

5 என்றால் கதவு வரை வந்துவிட்டீர்கள், உள்ளே போக அனுமதி இல்லை.

1219 என்றால் ஒரே தாய்க் கணனிக்கு இரண்டு பெயரில் போகப் பார்க்கிறீர்கள். பழைய இணைப்பை நீக்கிவிட்டு வாருங்கள்.

"இசட் வேலை செய்யுதில்ல" என்பதற்குப் பதிலாக, "காலை 10 மணிக்கு மின்சாரம் மினுங்கியது, எல்லோருக்கும் 53 வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். திருத்துபவரின் அரைவாசி வேலை முடிந்துவிடும்.

உண்மையான ஆபத்து எங்கே?

இப்போது தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். இசட் திறக்கவில்லை. வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். என்ன செய்வோம்? நேற்றைய பிரதி ஒன்று 'டெஸ்க்டொப்'பில் கிடக்கும். அதைத் திறந்து இன்றைய கொடுப்பனவுகளை அதில் பதிவோம். பிற்பகலில் இசட் வந்துவிடும். அடுத்த மேசைச் சகோதரி இசட்டிலுள்ள கோப்பில் தன் பதிவுகளைச் செய்வார். மாலையில் ஒரே பெயரில் இரண்டு கணக்குகள். ஒன்றில் காலை வரவு இல்லை, மற்றதில் மாலை வரவு இல்லை. யாராவது ஒன்றின் மேல் மற்றதைப் பிரதி செய்தால் அரை நாள் கணக்கு சத்தமில்லாமல் மறைந்துவிடும். மாத முடிவில் பணமும் பதிவும் பொருந்தாது. பணத்தைக் கையாண்ட பிள்ளையின் நேர்மையின் மேல் சந்தேகம் விழும். வயரின் நாக்கு உடைந்ததற்கு ஒருவரின் நற்பெயர் விலையாக வேண்டுமா? பிறர் பணத்தின் கணக்கு அமானிதம் அல்லவா?

எனவே காரியாலயத்தில் ஒரு விதி செய்யுங்கள். இசட் இல்லாத நேரத்தில் கணனியில் பதிய வேண்டாம். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். இசட் வந்ததும் எழுதியவரே அவற்றைப் பதிந்து, ஒவ்வொன்றின் மேலும் 'பதியப்பட்டது' என்று கையொப்பம் இடட்டும். கடிதம், அறிக்கை போன்றவற்றைத் தனியே சேமிக்கத்தான் வேண்டுமென்றால் கோப்பின் பெயரிலேயே திகதியையும் உங்கள் பெயரையும் சேருங்கள்.

அக்செஸ் போன்ற தரவுத்தளக் கோப்பை இசட்டில் வைத்துப் பலர் ஒன்றாகப் பாவிப்பவர்கள் இன்னும் அவதானமாக இருக்கவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் கோப்பே பழுதடையலாம். அதை வைஃபையில் நடத்தாதீர்கள், வயரிலேயே நடத்துங்கள்.

பிரதி இருக்கிறதா?

இசட்டில் எல்லாம் இருப்பதே பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். கப்பம் கேட்கும் நிரல்கள் உங்கள் கணனியில் புகுந்தால், எழுத்து வைத்த எல்லா வட்டுகளையும் வரிசையாகத் தேடிப் பூட்டும். 2013இல் பரவிய 'கிரிப்டோலொக்கர்' அப்படித்தான் செய்தது. அதற்கு இசட்டும் ஒன்றுதான், சீயும் ஒன்றுதான்.

நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பிரதி இல்லாததால் அக்காலக் கடிதங்கள் இழக்கப்பட்டன. அரசாங்கத்துக்கே இப்படி என்றால் நம் சிறிய சங்கத்துக்கு எப்படி?

வழி பெரிதல்ல. வெளியால் செருகும் வட்டுகள் இரண்டு வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. தாய்க் கணனியின் கோப்புகளைப் பிரதி எடுத்தவுடன் வட்டைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருக்கும் வட்டும் இன்னொரு இசட்தான். ஒரு வட்டு காரியாலயத்துக்கு வெளியே, மேடான இடத்திலுள்ள பொறுப்பானவர் வீட்டில் இருக்கட்டும். 1978 நவெம்பர் சூறாவளியையும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதியையும் கண்ட கரை இது. ஒரே கூரைக்குக் கீழே மூலமும் பிரதியும் இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணக்கட்டு போன்றது.

நாளை காலை காரியாலயம் போனதும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். சுவிச் பெட்டி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தாய்க் கணனியின் உறக்கத்தை நிறுத்துங்கள். கடைசிப் பிரதி எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். முதல் இரண்டும் புள்ளடியைக் குறைக்கும். மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால், அந்த வேலையை நீங்களே பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம்.